ஒரு கொத்து முடியும் முப்பத்தொன்பது மொட்டைகளும்

கொடைக்கானல்
5-3-1961

மருமகள் தமயந்திக்கு,

பழனி மலையின் மேகங்களுக்கும் அவற்றுக்குக் கீழே வசிக்கும் சகல ஜனங்களுக்கும் ஒரே படங்காட்டியும், அரசாங்க விளம்பர வேனின் ஆபரேட்டரும், உன் அம்மாவுடன் பிறந்த ஒரே சிங்கமுமான சேனாதிபதி எழுதுவது. நான் சௌக்கியம். இங்கே குளிர்தான் என்னைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறது.

நீ வரைந்த கார்ட்டூன் படம் வந்து சேர்ந்தது. பம்பாயிலிருந்து கொடை ரோடு வரை ரயிலில் வந்து, வத்தலக்குண்டில் பஸ்ஸின் தலையில் ஏறி, மலை சுற்றி வந்த அந்தத் தகர டப்பாவை நம் டிரைவர் அடைக்கலராஜ் பச்சைப்பிள்ளையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினான். "என்னண்ணே, இம்புட்டுத்தானா? எட்டு நிமிசப் படத்துக்கா நம்ம பிள்ளை ரெண்டு வருசம் குனிஞ்சு கெடந்துச்சு?" என்றான். "ஏலே, எட்டு நிமிசத்துக்குப் பதினாயிரம் படம் வரையணும். உன் ஆயுசுல நீ அத்தனை தடவை கியர் போட்டிருக்க மாட்ட" என்றேன். வத்தலக்குண்டிலிருந்து பெருமாள்மலை ஏறுவதற்குள்ளேயே போட்டிருப்பான். ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. மரியாதை தெரிந்தவன்.

முந்தாநாள் வில்பட்டியில் போட்டேன். முதலில் அம்மை குத்தும் படம், அடுத்து உரம் போடும் படம். இரண்டையும் வில்பட்டி ஏழு தடவை பார்த்தாயிற்று. அம்மை குத்துகிற நர்ஸுக்கு அவர்களே முன்கூட்டிக் கையை நீட்டுகிறார்கள். பிறகு உன் படம். நாற்பது பேர் வரிசையாக நடந்து வருகிறார்கள். முப்பத்தொன்பது பேர் முழு மொட்டை. ஒருவனுக்கு மட்டும் உச்சியில் ஒரு கொத்து முடி. மற்றவர்கள் எச்சில் தொட்டு அமுக்குகிறார்கள், எண்ணெயை ஊற்றுகிறார்கள், சட்டியைக் கவிழ்க்கிறார்கள். சட்டி உடைகிறது, முடி எழுந்து நிற்கிறது. கடைசியில் அவன் வரிசையை விட்டு விலகி, கொத்து முடி காற்றில் ஆட, தன்போக்கில் மேட்டில் ஏறிப் போய்விடுகிறான். பேச்சே இல்லை. ஒரு தவில் மட்டும்.

ஆத்தா, வில்பட்டி என்ன ஆனது தெரியுமா? சிரித்த சிரிப்பில் மூன்று குன்றுகள் இடம் மாறின. உருளைக்கிழங்குகள் அறுவடைக்குக் காத்திராமல் தாமாக வெளியே வந்து பார்த்தன. மேல்காட்டு யானை ஒன்று கடைசி வரிசையில் நின்று, படம் முடிந்ததும் தும்பிக்கையைத் தூக்கியது. கூடைக்காரி பாப்பம்மாள், "இவன் எங்க தம்பி மாதிரில்ல இருக்கான்! அமுக்கி வச்சாலும் எந்திரிச்சிருவான்" என்று மார்பில் கை வைத்துச் சொன்னாள். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. உன் கொத்து முடிக்காரன் திரை வரைக்கும் போகாமல் பாதி வழியிலேயே பனியின்மேல் ஏறி நின்றுவிட்டான், பனைமர உயரத்துக்கு. ஜனங்கள் எழுந்து அவனுக்கு வழி விட்டார்கள்.

ஒன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அரசாங்கப் படங்கள் எடுக்கும் உன் ஆபீஸ் அனுப்பிய அறிக்கைப் படிவத்தில் அத்தனையையும் எழுதி அனுப்பிவிட்டேன். நீ என் மருமகள் என்பதை மட்டும் எழுதவில்லை. அது ராஜதந்திரம்.

உன் மாமன்,
சேனாதிபதி


பம்பாய்
16-3-1961

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அறிக்கை வந்தது. இங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் அதைக் கூட்டத்தில் இங்கிலீஷில் படிக்கும்படி எங்கள் பிரிவுத் தலைவர் என்னிடமே கொடுத்தார். மூன்று குன்றுகள் இடம் மாறியதை நான் என் வாயால் சொன்னேன். யானை தும்பிக்கையைத் தூக்கியதையும் சொன்னேன். பதினொரு பேர் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். "அந்த ஊரில் ஒன்பதாயிரம் பேர் இருக்கிறார்களா?" என்று தலைவர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமா, இது விளையாட்டு இல்லை. இது சோதனைப் பிரதி. மூன்று வேன்களுக்கு மூன்று பிரதிகள் போயிருக்கின்றன. கடைசிக் காட்சி தலைவருக்குப் பிடிக்கவில்லை. நாட்டுப்புற ஜனங்களுக்கு அது விளங்காது, அந்த முடி தானாக உதிர்ந்து அவன் வரிசைக்குத் திரும்பவேண்டும் என்கிறார். அப்படித் திருத்தினால்தான் நாடெங்கும் போகும், இல்லாவிட்டால் டப்பா அலமாரிக்குப் போகும். ஏப்ரல் 20 அன்று குழு கூடி முடிவு செய்கிறது. மற்ற இரண்டு வேன்களில் ஒன்று "யாருக்கும் விளங்கவில்லை" என்று எழுதிவிட்டது. இன்னொன்று எழுதியது ஒரே சொல்: "மழை." மிச்சம் நீங்கள் ஒருவர்தான்.

மூன்று வருஷம் நான் பிறர் வரைந்த ஆடு மாடுகளின்மேல் செல்லுலாய்டு தாளை வைத்து ஒற்றி எடுத்தவள். என் கையால் பிறந்த முதல் ஆள் இவன். இவன் முடியை உதிர்த்து வரிசைக்குத் திருப்பி அனுப்பவேண்டும் என்றால் அதையும் என்னைத்தான் வரையச் சொல்வார்கள்.

அடுத்த காட்சி பழனியில் என்று தெரிகிறது. தயவுசெய்து தலையை எண்ணி எழுதுங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே பேசாமல் இருந்தார்கள், வாயால் என்ன சொன்னார்கள், அது போதும். யானை வேண்டாம். பனியில் நடக்கிற ஆளும் வேண்டாம்.

தமயந்தி

பி.கு. அந்தப் பாப்பம்மாள் சொன்னதாவது நிஜமா?


பழனி
2-4-1961

மருமகளுக்கு,

உண்மை எழுதிப் பழக்கமில்லாத கை இது. முதல் நாலு வரி நடுங்கினால் பொறுத்துக்கொள்.

வில்பட்டியில் பார்த்தவர்கள் நூற்று நாற்பது பேர். குன்றுகள் நேற்றைக்கு முன்தினம் வரை அங்கங்கேயே இருந்தன. யானை வரவில்லை. பாப்பம்மாள் சொன்னது நிஜம். பனியும் நிஜம், தாயி. அதை மட்டும் என்னால் வாபஸ் வாங்க முடியாது. புரொஜெக்டர் வெளிச்சம் பனியில் தடுக்கி உன் ஆள் அந்தரத்தில் நின்றதை இந்த இரண்டு கண்ணும் பார்த்தன. என் வாழ்நாளில் நான் கலப்படமில்லாமல் சொன்ன ஒரே அதிசயத்துக்கா சிரித்தார்கள்? அடைக்கலராஜ் இங்கே தன் கையால் எழுதுகிறான்: "பனி மேட்டர் உண்மைங்க. நான் சாட்சி."

இனி பழனி. பங்குனி உத்திரத்துக்கு மறுநாள், அடிவாரத்துச் சத்திரத்தின் முன்னால், விளக்கு வைக்கிற நேரத்தில் போட்டேன். அடைக்கலராஜ் கயிறு கட்டி வரிசை வரிசையாக எண்ணினான். நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் முக்கால்வாசி அன்று முடி இறக்கிச் சந்தனம் பூசிய தலைகள். பின்னால் நின்று பார்த்தால், உன் படம் திரையில் ஓடுகிறதா தரையில் ஓடுகிறதா என்று எனக்கே தெரியவில்லை.

உன் முப்பத்தொன்பது பேரையும் பார்த்ததும் ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம். "நம்மாளுகப்பா, காணிக்கை முடிச்சுட்டு வாராக" என்றார்கள். பிறகு கொத்து முடிக்காரன் வந்தான். யாரும் சிரிக்கவில்லை. "அடடா, பாதியில விட்டுட்டாகளே" என்று ஒரு குரல். "கத்திக்காரர் எங்க போனாரு?" என்று இன்னொரு குரல். மற்றவர்கள் அவன் முடியை அமுக்கியபோது, சட்டியைக் கவிழ்த்தபோது, இவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து யோசனை சொன்னார்கள். ஒட்டன்சத்திரத்துக் குப்பம்மாள் என்று ஓர் அம்மாள், "வேண்டுதலைப் பாதியில விட்டா சாமி குத்தமாயிரும், ஒரு கத்தியப் போட்டு முடிச்சு விடுங்களேன்யா" என்று கண் கலங்கினாள்.

கடைசியில் அவன் வரிசையை விட்டு மேட்டில் ஏறினான். நான் எழுத விரும்பாத இடம் இதுதான். கூட்டம் மொத்தமும் எழுந்து, "ஏலே, திரும்பி வாலே! மிச்சத்தையும் இறக்கிட்டுப் போலே!" என்று கூப்பிட்டது. அவன் திரும்பவில்லை. எல்லோரும் சத்தமில்லாமல் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். கைதட்டல் இல்லை.

உன் தலைவர் கேட்பதும் அதுதானே. அவன் திரும்பி வரவேண்டும் என்பது.

போதாததற்கு, முடிக்கொட்டகையில் இருபது வருஷமாகக் கத்தி பிடிக்கும் ஞானவேல் என்பவர் வேனுக்குப் பின்னால் வந்து நின்றார். "யாருங்க வரைஞ்சது?" என்றார். நான் ராஜதந்திரத்தை மறந்து, என் மருமகள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன். "பிள்ளைக்குக் கை நல்லா இருக்கு. அந்தக் கொத்து முடி காத்துல ஆடுச்சே, அது உசுரு. நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனா மத்த முப்பத்தொன்பது தலையும் பொய்யிங்க" என்றார். "என்னய்யா பொய்?" என்றேன். "எல்லாம் ஒரே தலையால்ல இருக்கு? இருவது வருசத்துல ஒரு தலை மாதிரி இன்னொரு தலைய நான் தொட்டதில்லீங்க. ஒருத்தனுக்குப் பொடனியில மேடு. ஒருத்தனுக்கு உச்சியில குழி. ஒருத்தன் சின்னதுல வேலியில விழுந்த தழும்பு. முடி இருக்கிற வரைக்குந்தான் அம்புட்டுப் பேரும் ஒரே மாதிரி வகிடெடுத்துத் திரியுறான். இறக்கின பெறகுதான் அவனவன் தலை வெளிய வருது."

உன்னைக் குறை சொன்ன மனிதரைத் தூக்கிச் சண்முகநதியில் எறிந்திருப்பேன். நதியில் தண்ணீர் இல்லாத ஒரே காரணத்தால், "சரி போங்க, சோலியப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன்.

படிவம் என் முன்னால் வெறுமையாகக் கிடக்கிறது. ஆயுசு முழுக்கத் தேவையில்லாத இடத்திலெல்லாம் பொய் சொல்லி வந்தேன். பொய் உதவுகிற ஒரே இடத்தில் நீ என் கையைக் கட்டிவிட்டாய். "ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள்" என்று மூன்றே சொல் எழுதினால் போதும், உன் படம் பிழைக்கும். எழுதட்டுமா? தந்தி அடி.

சேனாதிபதி


பம்பாய்
6-4-1961

அன்புள்ள மாமாவுக்கு,

தந்தி அடிக்கத் தபால் ஆபீஸ் வரை போய்விட்டுத் திரும்பினேன். சொல்லவேண்டியது அதில் அடங்கவில்லை.

நடந்தது நடந்தபடி எழுதுங்கள். "திரும்பி வாலே" என்றதை எழுதுங்கள். கைதட்டல் இல்லை என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பீரோவைத் திறந்து பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். கொத்து முடிக்காரனுக்கு மட்டும் நூற்று அறுபது முகம் வரைந்திருக்கிறேன். மொட்டைத் தலை வரைந்தது ஒன்றே ஒன்று. மற்ற முப்பத்தெட்டும் அதன்மேல் தாளை வைத்து ஒற்றி எடுத்தவை. வேலை மிச்சம் என்று நினைத்துச் செய்தேன். எனக்குக் கற்றுக் கொடுத்த வேலையும் அதுதான். ஒரு தனி ஆளைப் பற்றிப் படம் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே முப்பத்தொன்பது ஆட்களை இல்லாமல் செய்திருக்கிறேன். இந்த ஆபீஸில் பதினொரு பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொண்ட ஒரு மனிதரை நீங்கள் சோலியைப் பார் என்று விரட்டியிருக்கிறீர்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம் வருவது இந்த ஒரு விஷயத்துக்குத்தான், குன்றுகளுக்கு இல்லை. போய் அவரைக் கூப்பிடுங்கள். அவர் சொன்னதை அவர் பேர் போட்டு அறிக்கையில் சேருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தலையையும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

தமயந்தி


பழனி
11-4-1961

மருமகளுக்கு,

வெள்ளனே எழுந்து முடிக்கொட்டகைக்குப் போனேன். ஞானவேல் என்னைப் பார்த்ததும், "என்னங்க, இறக்கணுமா?" என்று கத்தியைத் தீட்டினார். மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரிந்த ராஜாக்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. "அட, விடுங்க. நான் அப்பவே மறந்துட்டேன். தள்ளி உக்காருங்க, வெளிச்சம் மறைக்குது" என்றார்.

காலை முதல் மாலை வரை உட்கார்ந்தேன். நெய்க்காரப்பட்டி மாட்டு வியாபாரி பொன்னுவேல்: பின்மண்டை பலகைபோலத் தட்டை, தொட்டிலில் ஒரே வாக்கில் கிடந்த பிள்ளை என்றார் ஞானவேல். மணியன் என்று ஒரு லாரி கிளீனர்: இரண்டு சுழி, நடுவில் ஒரு மச்சம், அவனுக்கு இத்தனை நாள் தெரியாது, கண்ணாடி காட்டினதும் கால்மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலப்பன் என்ற பள்ளிக்கூட வாத்தியாரின் தலை காதுக்கு மேலே கூம்பி, தேங்காயின் கண் பக்கம்போல இருக்கிறது. அறுபத்து மூன்று தலைகளைப் படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நான் போட்ட படம் பலாக்காய்போல இருந்தால் அது என் கையின் குற்றம், தலையின் குற்றம் அல்ல.

ஒன்று சொல்லவேண்டும். நான் எதையும் இருக்கிறபடி விட்டவன் இல்லை. ஒன்றைப் பத்தாக்கினால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்தத் தலைகளை எப்படிப் பெருக்குவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் போதுமான அளவுக்கு இருக்கிறது.

அறிக்கையை ஏழு தடவை எழுதினேன். ஆறாவது தடவை வரை எப்படியோ ஒரு யானை உள்ளே வந்துவிட்டது. ஏழாவதை அடைக்கலராஜ் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தான். அதில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், திரும்பி வரச் சொன்னது இருக்கிறது, கைதட்டல் இல்லாதது இருக்கிறது, ஞானவேல் சொன்னது சொல்லுக்குச் சொல் இருக்கிறது. வெரசாக அனுப்பிவிட்டேன், மனம் மாறுவதற்குள்.

சேனாதிபதி


பம்பாய்
22-4-1961

அன்புள்ள மாமாவுக்கு,

குழு கூடியது. இந்த முறையும் நானே படித்தேன்.

ஜனங்கள் எழுந்து "திரும்பி வா" என்று கூப்பிட்ட இடத்தில் தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். அவர் அளவில் கூட்டம் முடிந்துவிட்டது. நான் நிறுத்தாமல் ஞானவேல் சொன்னதைப் படித்தேன். பிறகு உங்கள் அறுபத்து மூன்று தலைகளையும் மேசையில் பரப்பினேன். எங்கள் காமிராக்காரருக்கு முழு வழுக்கை. அவர் ஒரு கையால் தன் பின்மண்டையைத் தடவிக்கொண்டே மறுகையால் தாள்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசியில் பொன்னுவேலை எடுத்து, "இது நான்தான்" என்றார். தலைவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமக்கொரு தலை தேட ஆரம்பித்தார்.

முடிவு இதுதான்: டிசம்பருக்குள் முப்பத்தொன்பது பேரையும் தனித்தனியாக வரைந்து முடிக்கவேண்டும். திருத்திய பிரதி அதே பழனிக்கு, அதே அடிவாரத்துக்குப் போகும். கடைசிக் காட்சியை அங்கே உட்காருகிற ஜனங்களே முடிவு செய்யட்டும் என்று தலைவர் சொன்னார். அப்போதும் அவனைத் திரும்பி வரச் சொன்னால், என் கையாலேயே அவன் முடியை உதிர்த்து வரிசையில் நிறுத்தித் தருவதாக நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

எட்டு மாதம் உங்களுக்குக் கடிதம் வராது. இப்போது கையில் இருப்பது பொன்னுவேல். பின்மண்டை இன்னும் சரியாக வரவில்லை.

தமயந்தி

பி.கு. இந்த அறிக்கையில் நீங்கள் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை என்பதை நான் கவனித்தேன்.


பழனி
23-1-1962

மருமகளுக்கு,

தைப்பூசம் முடிந்து மறுநாள் போட்டேன். எட்டுக் கிரகம் ஒன்றுகூடி அடுத்த மாதம் உலகம் முடியப்போகிறது என்று எவனோ கிளப்பிவிட்டதால் ஊரில் கூட்டம் அதிகம். உலகம் இருக்கும்போதே காணிக்கையை முடித்துவிட வந்தவர்கள். ஐந்நூற்று எழுபத்தாறு பேர். அடைக்கலராஜ் இரண்டு தடவை எண்ணினான், நான் ஒரு தடவை. மூன்றும் ஒத்து வந்தன.

படம் தொடங்கியது. எட்டு மாதமாக நீ வரைந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதல் ஆளுக்கே முன்வரிசையில் ஒருவர், "ஏ, அது எங்க சித்தப்பாடா! அந்த மண்டை வேற எங்க இருக்கு?" என்றார். அதற்குப் பிறகு நான் தவில் சத்தத்தைக் கேட்கவே இல்லை. "இந்தா வாராரு பாரு உங்க மச்சான்." "இது நானு. அந்தத் தழும்பப் பாரு." "பொய்யி, உன் தழும்பு இடப்பக்கம்." கூட்டத்தில் பாதிப்பேர் தங்கள் தலையைத் தாங்களே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானவேல் என் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு ஆளுக்கும் மெதுவாகத் தலையை ஆட்டினார். முப்பத்தொன்பதாவது ஆள் போனதும், "பிள்ளை ஒரு தலையும் விடலீங்க" என்றார். அவர் கண்ணைத் துடைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எழுதியிருப்பேன்.

கொத்து முடிக்காரனும் வந்தான். சிரித்தார்கள், மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. முடியை அமுக்கினவர்களைப் பார்த்து இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். எண்ணெய் ஊற்றினவனை, "ஏ கூம்புத்தலையா, உன் வேலையப் பார்றா" என்றார்கள்.

அவன் வரிசையை விட்டு விலகினான். மேட்டில் ஏற ஆரம்பித்தான். நாலாவது வரிசையில் ஒரு ஆள் எழுந்து நின்று, "ஏம்ப்பா, அவன் எங்க போறான்?" என்றான். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நான் புரொஜெக்டரைப் பிடித்துக்கொண்டேன்.

எழுந்து நின்றவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். ஆயக்குடியில் கொய்யாப்பழம் விற்கும் சுந்தராம்பாள் என்று பிறகு கேட்டு எழுதிக்கொண்டேன். அவள் சொன்னதைப் படிவத்தில் அப்படியே போட்டு, கீழே நான் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். குழுவில் நீயே படித்துச் சொல்:

"அவன் சோலிக்கு அவன் போறான். நீ உக்காருய்யா, எங்க மாமனார் தலைய மறைக்கிறே."

சேனாதிபதி